வன்னிக் காற்றுக்கு எத்தனை பல்லு? சைக்கிளுக்குக் கியர் பார்க்கும் விதம்

வன்னியில் மலையா இருக்கிறது, கியரைப் பற்றி ஏன் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்துப்போய், கொட்டிலுக்குள் கிடந்த 28 அங்குலச் சைக்கிளை வெளியே எடுத்துத் தூசு தட்டினால், பின் சில்லில் செயின் ஓடுகிற பல்லுச் சக்கரம், அதுதான் பிறீவீல், துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அந்த நாட்களில் சைக்கிள் சாமானுக்கு நெருப்பு விலை, அதுவும் கேட்டது கிடைக்காது. கடையில் 16 பல்லுப் பிறீவீல் ஒன்றுதான் கிடந்தது. "நல்லாப் பறக்கும்" என்றார்கள். பெடலோடு சுற்றுகிற முன் பல்லுச் சக்கரத்தில், அதாவது செயின் வீலில், எனக்கு 48 பல்லு. சரி, பறக்கட்டும் என்று போட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்குப் போனேன். சோளகக் காற்று முதுகில் தள்ளியது, உண்மையாகவே பறந்தது. ஐந்து கிலோமீற்றர் சொச்சம், வியர்க்கவே இல்லை. திரும்பி வரும்போதுதான் வினை. இரண்டு பக்கமும் வயல்வெளி, மறைப்புக்கு ஒரு மரமில்லை, காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது. ஒவ்வோர் உழக்குக்கும் சீற்றை விட்டு எழும்பி முழுப் பாரத்தையும் பெடலில் போட வேண்டியிருந்தது. பெடல் மேலே வந்தால் அங்கேயே நின்றுவிடும், கீழே இறங்காது. கடைசியில் வெட்கத்தை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தேன். அப்போது கரியரில் விறகுக்கட்டோடு ஓர் ஐயா, சாரத்தை மடித்துக் கட்டியபடி, கால் இரண்டும் ஒரே தாளத்தில் சுழல என்னைக் கடந்து போனார். போகிற போக்கில் "என்ன தம்பி, காத்துப் போட்டுதோ?" என்றார். "போகேல்ல ஐயா, வருது" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கொஞ்சத் தூரம் நடந்த பிறகு ஒரு தேத்தண்ணீர்க் கடை வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. குந்தியிருந்து பல்லை எண்ணினேன். முன்னுக்கு 44, பின்னுக்கு 22. எனக்குப் படிப்பித்தது அந்த இரண்டு எண்கள்தான். புதிதாகச் சைக்கிள் வாங்கப் போகிறவர்களும், இருக்கிற சைக்கிள் ஏன் இப்படிக் கொல்கிறது என்று யோசிக்கிறவர்களும் என்னைப்போல உருட்டிக்கொண்டு நடக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணுங்கள்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். செயின் வீலில் ஒரு பல்லுக்கு வெண்கட்டியால் அடையாளம் போட்டுவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுங்கள். பிறகு பின்னுக்கு இருக்கிற பிறீவீலை எண்ணுங்கள். அது கிறீஸும் மண்ணும் அப்பிக் கறுப்பாக இருக்கும். ஒரு துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைத்தால் சில பிறீவீல்களில் எண்ணே அடித்திருப்பது தெரியும். இரண்டு முறை எண்ணுங்கள், முதல் முறை எல்லோரும் ஒரு பல்லைத் தவற விடுவார்கள்.

முன் எண்ணைப் பின் எண்ணால் பிரியுங்கள். ஐயாவின் 44ஐ 22ஆல் பிரித்தால் 2. அதாவது பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சில்லு இரண்டு சுற்றுச் சுற்றும். என்னுடைய 48ஐ 16ஆல் பிரித்தால் 3. அவருடைய சில்லு இரண்டு சுற்றுப் போகிற நேரத்தில் என்னுடையது மூன்று சுற்றுப் போகிறது, ஆகவே அதே காற்றுக்கு எதிராக என் கால் ஒன்றரை மடங்கு பலமாக மிதிக்க வேண்டும். நான் அவரைவிடப் பலவீனம் என்றில்லை (அதுவும் கொஞ்சம் இருக்கலாம்), கணக்கே எனக்கு எதிராக இருந்தது.

கியர் வேலையைக் குறைக்காது, இதை முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரே சோற்றைப் பெரிய கவளமாக விழுங்குவதா, சின்னச் சின்னக் கவளமாக விழுங்குவதா என்பதுதான் விஷயம். தொண்டைக்கு ஏற்ற கவளம் எதுவோ அதுதான் உங்கள் கியர்.

ஓர் உழக்குக்கு எவ்வளவு தூரம்

பிரித்து வருகிற எண் மட்டும் போதாது, சில்லின் அளவும் சேர வேண்டும். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் போகும். தடித்த ரயர் போட்ட 26 அங்குல மவுண்டன் சைக்கிள் 2.07 மீற்றர் அளவுக்குப் போகும். பிள்ளைகளின் 20, 24 அங்குலச் சைக்கிள்கள் இதைவிடக் குறைவு.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். சைக்கிளை முன்னுக்கு உருட்டினால் பிறீவீல் டிக் டிக் என்று அடிக்கும், பெடல் சும்மா நிற்கும். பின்னுக்கு உருட்டினால் பெடலும் கூடவே சுற்றும். ஆகவே வலது பெடலை அடியில் வைத்து, முன் சில்லு நிலத்தில் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மெல்லப் பின்னுக்கு உருட்டுங்கள். அதே பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி அடிக்கு வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் ஓர் உழக்கு. பல்லும் எண்ணத் தேவையில்லை, பிரிக்கவும் தேவையில்லை.

28 அங்குலச் சில்லும் 44 பல்லுச் செயின் வீலும் உள்ள சாதாரணச் சைக்கிளில், பின்னுக்கு 16 போட்டால் ஓர் உழக்குக்கு 6 மீற்றர், 18 போட்டால் 5.4, 20 போட்டால் 4.8, 22 போட்டால் 4.4. பின்னுக்குப் பல்லு கூடக் கூட மிதிக்க லேசு, வேகம் குறைவு. முன்னுக்கு அது தலைகீழ். புதியவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இதுதான், அதனால் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பின்னுக்குப் பெரிசு லேசு, முன்னுக்குப் பெரிசு பாரம்.

கால் எத்தனை முறை சுற்றுகிறது

இதற்குக் கைத்தொலைபேசியில் இருக்கிற மணிக்கூடு போதும். வழக்கமாகப் போகிற தெருவில், வழக்கமான வேகத்தில் போகும்போது, வலது முழங்கால் மேலே வருவதை 15 வினாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 60க்கும் 75க்கும் இடையில் வந்தால் உங்கள் கியரும் நீங்களும் சமாதானம். 45, 50 என்று வந்தால் கியர் உங்களுக்குப் பாரம். 90ஐத் தாண்டி, சீற்றில் குண்டி துள்ளுகிற மாதிரி இருந்தால் கியர் லேசாகிவிட்டது. பழகினவர்கள் 80, 90இல் சுகமாகச் சுற்றுவார்கள், ஆனால் சந்தைக்குப் போய்வர அந்த வித்தை தேவையில்லை.

நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தால், ஐயாவின் 4.4 மீற்றர் மணிக்கு 16 கிலோமீற்றர் அளவுக்குக் கொண்டுபோகும். 5.4 மீற்றர் 19 கிலோமீற்றர். என்னுடைய 6.6 மீற்றர் கிட்டத்தட்ட 24. அந்த 24ஐ நான் போன வழியில் மட்டும்தான் கண்டேன், வந்த வழியில் நடை வேகம்.

உடம்பும் சொல்லும். முழங்கால் சிரட்டைக்கு முன்பக்கம் நோகிறது, ஹாண்டிலைப் பிடித்து இழுத்து இழுத்து மிதிக்கிறீர்கள், தோள் இரண்டு பக்கமும் ஆடுகிறது, இறங்கும்போது நாரி பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் கியர் பாரம், அல்லது சீற் பதிவு. சீற்றை முதலில் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை. சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்தும் நோகிறது என்றால் பிறகு பல்லைப் பார்ப்போம்.

எங்கள் மலை எது

வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஏ9 வழியாக முறிகண்டிப் பிள்ளையாரடி வரைக்கும் வந்தாலும் மலை என்று ஒன்றும் கிடையாது, அங்கங்கே கொஞ்சம் ஏற்ற இறக்கம், அவ்வளவுதான். ஆனால் வைகாசிக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோளகம், மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை. காட்டுக்குள்ளால் போகிற துண்டுகளில் மரங்கள் காற்றை மறைக்கும். இரணைமடுக் குளக்கட்டு, பரந்தன் வயல்வெளி, ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம், இந்த இடங்களில் மறைப்பு எதுவும் கிடையாது.

காற்று எவ்வளவு பாரம் என்று ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். காற்றே இல்லாத காலையில் மணிக்கு 15 கிலோமீற்றரில் போனால் முகத்தில் படுகிற காற்று 15தான். எதிரே 20இல் காற்றடிக்கும்போது அதே வேகத்தில் போனால் முகத்தில் படுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஆகவே தடை இரண்டு மடங்கு சொச்சமாகக் கூடுவதில்லை, ஐந்து மடங்கையும் தாண்டுகிறது. நிமிர்ந்து இருந்து ஓடுகிற சாதாரணச் சைக்கிளில் அது நூறு மீற்றருக்கு மூன்று, நான்கு மீற்றர் உயர்கிற மேட்டில் ஏறுவதற்குச் சமம். மேடு என்றால் உச்சி வந்ததும் இறக்கம் கிடைக்கும், சோளகத்துக்கு உச்சி கிடையாது, வீட்டுப் படலை வரைக்கும் ஏற்றம்தான்.

ஆகவே கியரைத் தெரிவு செய்யும்போது போகிற வழியை விட்டுவிட்டு வருகிற வழியை யோசியுங்கள். காலையில் காற்று விழுந்து கிடக்கும், நேரம் ஏற ஏறக் கிளம்பும். காலையில் வேலைக்குப் போய் மத்தியானத்துக்குப் பிறகு திரும்புகிறவர் எந்தத் திசையில் வீடு திரும்புகிறார் என்பது முக்கியம். முல்லைத்தீவிலிருந்து மாங்குளப் பக்கம் ஏ34இல் மேற்கே வருகிறவருக்கு ஆடியில் முகத்தில் அடி, அதே ஆள் கிழக்கே போனால் சொகுசு.

காற்றுக்கு அடுத்தது நிலம். காப்பெட் வீதியில் சில்லு தானாக உருளும். கிரவல் றோட்டு, அதுவும் நெளிநெளியாகத் தகரம் போல ஆகிவிட்ட கிரவல், பாதிப் பலத்தைத் தின்னும். மணல் ஒழுங்கை முழுவதையும் தின்னும். ஆனால் மணலுக்குக் கியரை மட்டும் நம்பாதீர்கள், அகலமான ரயரும் அதற்குள் கொஞ்சம் குறைவான காற்றும்தான் அங்கே பெரிய உதவி. எவ்வளவு லேசான கியர் போட்டாலும் ஒல்லி ரயர் மணலுக்குள் புதைந்துவிடும்.

மூன்றாவது சுமை. தட்டையான தாரில் ஓடிக்கொண்டிருக்கும்போது 50 கிலோ அரிசி மூட்டை நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பாரமில்லை. கிளப்பும்போதுதான் அதன் குணம் தெரியும். முதல் மூன்று உழக்குக்குள் சைக்கிள் நிமிராவிட்டால் ஹாண்டில் ஆடும், மூட்டை ஒரு பக்கம் இழுக்கும், ஆளும் மூட்டையும் வாய்க்காலுக்குள். போர் நடந்த நாட்களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத வன்னி சைக்கிளில்தான் ஓடியது, விறகும் நெல்லும் நோயாளியும் கரியரில் போன காலம் அது. அந்தக் காலத்தில் சுமை ஏற்றினவர்களைக் கேட்டுப் பாருங்கள், பின்னுக்குப் பெரிய பல்லைத்தான் சொல்வார்கள்.

சரி, எந்த எண்

நான் சொல்வது 28 அங்குலச் சில்லுக்கும் 44 பல்லுச் செயின் வீலுக்கும். பாரம் இல்லாமல், வீட்டுக்கும் சந்திக்கும், காட்டு மறைப்புள்ள தெருவில் போகிற இளம் ஆளுக்கு 18 காணும். பெரும்பாலான சைக்கிள்கள் கடையிலிருந்து வரும்போதே இந்த அளவில்தான் வரும். வெளி வயல், காற்று, பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம், நாற்பது வயதைத் தாண்டிய முழங்கால், இதில் ஏதாவது இரண்டு இருந்தால் 20. சுமை ஏற்றுகிறவர், கிரவலில் தினமும் போகிறவர், அல்லது முழங்கால் நோ ஏற்கனவே இருக்கிறவர் யோசிக்காமல் 22. உங்கள் செயின் வீல் 48 என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு பல்லைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பல்லு கடையில் இல்லையென்றால் செயின் வீலைச் சிறிதாக்கலாம், ஆனால் அதற்குச் செலவு கூட.

16 பல்லை வன்னியில் யாருக்கும் சொல்ல மாட்டேன். சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போகிறவருக்கு என் ஆலோசனை தேவையில்லை.

மாற்றும்போது பார்க்க வேண்டியவை

பிறீவீல் சில்லின் நடுக் குடத்தில், அதாவது ஹப்பில், திருகித்தான் இருக்கும், நீங்கள் மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகும். அதனால் பழைய பிறீவீலைக் கழற்ற அதற்கென்று உள்ள கழற்றி வேண்டும், உளியும் சுத்தியலும் கொண்டு அடித்தால் ஹப்பின் புரி போய்விடும். கழற்றி உள்ள கடைக்கே கொண்டுபோங்கள். போட்ட பிறகு நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று இடம்.

ஒன்று செயின். பின்னுக்கு ஒரு பல்லுக் கூடினால் பின் சில்லின் அச்சு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் முன்னுக்கு வர வேண்டும். 18இலிருந்து 20க்குப் போனால் 6 மில்லிமீற்றர், இது அச்சு இருக்கிற பிளவுக்குள்ளேயே சமாளிக்கிற தூரம். 18இலிருந்து 22க்கு என்றால் 13 மில்லிமீற்றர் வரும், சில சைக்கிள்களில் இடம் காணாது, அப்போது செயினில் ஓர் அங்குலம், அதாவது ஒரு முழுக் கண்ணி சேர்க்க வேண்டும். கடைசியில் செயினின் நடுவை விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். கம்பி மாதிரி இறுகியிருந்தால் மிதிக்க மிதிக்கக் கரகரக்கும்.

பழைய செயினை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஓர் ஊசியின் நடுவில் தொடங்கிப் பன்னிரண்டு அங்குலம் வைத்தால் இன்னோர் ஊசியின் நடுவில் சரியாக முடிய வேண்டும். அரைக்கால் அங்குலம் நீண்டு போயிருந்தால் அந்தச் செயினைப் புதுப் பிறீவீலில் போடாதீர்கள், பல்லை விட்டுத் துள்ளும். பாரம் ஏற்றி எழும்பி மிதிக்கிற நேரத்தில் செயின் துள்ளினால் விழுகிற இடம் சைக்கிளின் பார்க் கம்பி என்பதை ஆண்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பிறேக். கம்பிப் பிறேக் உள்ள பழைய சைக்கிளில் அச்சு முன்னுக்கு நகர்ந்ததும் றிம்மும் நகரும், பிறேக் கட்டை படுகிற இடம் மாறும். பல்லு மாற்றின சந்தோஷத்தில் இதைப் பார்க்காமல் புறப்பட்டு, முதல் சந்தியில் காலால் நிறுத்தினவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது, பின் மட்காட்டில் ரயர் உரசுகிறதா என்பது. அது சத்தத்திலேயே தெரியும்.

கியர் வைத்த சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு

18 கியர், 21 கியர் என்று ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னுக்கு மூன்று வட்டம், பின்னுக்கு ஆறு, மூன்றையும் ஆறையும் பெருக்கிப் பதினெட்டு என்கிறார்கள். முன்னுக்கு 42, 34, 24, பின்னுக்கு 14 முதல் 28 வரை என்று எடுத்தால் 42க்கு 21 போட்டால் 2, 34க்கு 16 போட்டால் 2.1. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்படி ஒன்றையொன்று மிதிக்கிறவற்றைக் கழித்தால் பாதிதான் மிஞ்சும்.

வன்னிக்கு என் யோசனை: முன்னுக்கு நடு வட்டத்தில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். 26 அங்குலச் சில்லில், 34க்கு 14 போட்டால் ஓர் உழக்குக்கு 5 மீற்றர், 16 போட்டால் 4.4, 18 போட்டால் 3.9, 21 போட்டால் 3.4. காற்றும் கிரவலும் சுமையும் எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். பெரிய வட்டம் ஏ9இல் சோளகம் முதுகில் தள்ளும்போது மட்டும். சின்ன வட்டத்துக்கு இங்கே ஏறக்குறைய வேலையே இல்லை, குளக்கட்டில் சுமையோடு ஏறுகிறவர் பாவிக்கலாம். முன் பெரிசையும் பின் பெரிசையும் ஒன்றாகப் போட்டால் செயின் கோணலாக இழுபடும், சின்னதையும் சின்னதையும் போட்டாலும் அப்படித்தான். நின்ற இடத்தில் மாற்றாதீர்கள், மணல் தெரிந்ததும் அதற்குள் இறங்க முதலே மாற்றுங்கள், மாற்றுகிற கணத்தில் காலை இலகுவாக்குங்கள். கிரவல் தூசு எண்ணெயோடு சேர்ந்தால் பல்லை அராவுகிற சாந்து மாதிரி ஆகிவிடும், வாரத்துக்கு ஒரு முறை செயினைத் துணியால் துடைத்துப் பிறகு எண்ணெய் விடுங்கள். துடைக்காமல் எண்ணெய் விடுவதைவிட விடாமல் இருப்பது நல்லது.

தாத்தாவின் பழைய ராலி சைக்கிளில் ஸ்ரர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நடுக் கியர் பல்லுக் கணக்குப்படி நேரடியாக ஓடும், கீழ்க் கியர் அதைவிடக் கால்வாசி லேசு, மேல்க் கியர் மூன்றிலொரு பங்கு பாரம். 46க்கு 18 இருந்தால் கீழ்க் கியர் 1.9. ஐயாவின் 2ஐவிடவும் லேசு, அதுவும் தூசு படாமல் ஹப்புக்குள்ளேயே. அதை இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மாற்றின பிறகு ஓடிப் பார்ப்பதைக் காலை ஏழு மணிக்குச் செய்ய வேண்டாம், அந்த நேரத்தில் எல்லாக் கியரும் நல்ல கியர்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு, வழக்கமான சுமையோடு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு கிலோமீற்றர் போங்கள். முழங்காலை எண்ணுங்கள். 50க்குக் கீழே விழுந்தால் இன்னும் இரண்டு பல்லுக் கூட்டுங்கள்.

நான் இப்போது 48க்கு 22 போட்டிருக்கிறேன். கழற்றின 16ஐ எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன், தங்கச்சியின் மகன் கண்டுவிட்டு "மாமா, இது பறக்குமாமே" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கும் பதினாறு வயதுதான். ஆடி வரட்டும்.